துயர மேம்பாட்டுத் திட்டம்

மாபெரும் கலைஞர்கள் தாயின் வயிற்றில் பிறக்கிறார்கள் என்று சிலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மூடநம்பிக்கை. மாபெரும் கலைஞர்கள் கூட்ட அறையில் பிறக்கிறார்கள். ஒரு நீள மேசை, ஏழு பேர், எழுதாத பேனா ஒன்று, பிஸ்கட் தட்டு ஒன்று. இவ்வளவு போதும். இன்று ப்ளூஸ் ராக் உலகமே எழுந்து நின்று கைதட்டும் ஒரு கிட்டார் கலைஞர் அப்படித்தான் பிறந்தார். பிரசவம் பார்த்தவன் நான்.

என் தகுதியைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். ஓர் அலுவலகத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன். வந்த மனுக்களில் ஒன்றுகூட என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. இந்தச் சாதனையைப் பாராட்டி எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் அவர்களுடையது.

கலைஞர் வேறு யாருமில்லை, என் தங்கையின் கணவர். தொழில், லிஃப்ட் மெக்கானிக். மதிய இடைவேளையில் லிஃப்டை நிறுத்திவிட்டு, அதன் கூரைமேல் உட்கார்ந்து கிட்டார் வாசித்துப் பாடுவார். லிஃப்ட் மேலும் கீழும் போய்வரும் அந்தக் கிணற்றில் அவர் குரல் பன்னிரண்டு மாடிக்கும் ஏறும். சரளைக்கல்லை வாயில் போட்டுக் கொப்பளிக்கிற மாதிரிக் குரல். ஆனால் கேட்டால் நகர முடியாது. லிஃப்ட் ஓடவில்லை என்று புகார் சொன்ன குடித்தனக்காரர்கள், பிறகு லிஃப்ட் ஓடுகிறது என்று புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒன்பதாவது மாடியில் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தின் இயக்குநர் இருந்தார். ஒருநாள் படியேறி வந்தவர் ஏழாவது மாடியில் வாயைப் பிளந்து நின்றுவிட்டார். பாட்டாலா, மூச்சு வாங்கியதாலா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. எப்படியோ, மாப்பிள்ளைக்கு அழைப்பு வந்தது. வழிகாட்டியாக நானும் போனேன்.

ப்ளூஸ் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். மனிதன் தன் துக்கத்தை ஒரு வரியாகப் பாடுவான். யார் காதிலும் விழவில்லையோ என்று அதே வரியை மறுபடி பாடுவான். மூன்றாவது வரியில் விஷயத்தைப் போட்டு உடைப்பான். இதையே மின்சாரக் கிட்டாரோடு, பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடும் அளவுக்குச் சத்தமாகச் செய்தால் ப்ளூஸ் ராக்.

நிறுவனத்தில் மாப்பிள்ளை பாடினார். எல்லோரும் சொக்கிப்போனார்கள், பிராண்ட் ஆலோசகர் ஒருவரைத் தவிர. கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. அவர் கருத்துகளும் அந்த நிறம்தான்.

“குரல் ஓகே. கிட்டார் ஓகே. ஆனா முகத்துல சந்தோஷம் தெரியுதே, அதை என்ன பண்றது?” என்றபடி ‘துயர வரலாற்றுப் படிவம்’ ஒன்றை எடுத்தார். மூன்று பிரதி. “சின்ன வயசுலயே அப்பா விட்டுட்டுப் போயிட்டாரா?”

“இல்ல சார். கீழே என் பைக்கைப் பாத்துட்டு நிக்கிறாரு. நோ பார்க்கிங்” என்றார் மாப்பிள்ளை.

“காதல் தோல்வி?”

“ஒருத்தியைத்தான் லவ் பண்ணேன். அவளையே கட்டிக்கிட்டேன்.”

“குடி?”

“மூணாவது மாடியில சார். வாடகைக்குத்தான்.”

“தூக்கம் வராம தவிப்பீங்களா?”

“படுத்தா ரெண்டே நிமிஷம். பொண்டாட்டி பேசிட்டு இருக்கும்போதே தூங்கிடுவேன். வீட்ல அது ஒண்ணுதான் பிரச்சினை.”

“பிரச்சினையா!” ஆலோசகர் ஆவலோடு பேனாவைத் திறந்தார்.

“சும்மா சொன்னேன் சார். அவளும் தூங்கிடுவா.”

படிவம் வெறுமையாகக் கிடந்தது. இயக்குநருக்கு முகம் வாடிவிட்டது. உண்மையில் அந்த அறையில் ப்ளூஸ் பாடத் தகுதியானவர் அவர் ஒருவர்தான். துயரம் இல்லாத ப்ளூஸ் பாடகரைச் சந்தையில் விற்க முடியாது என்று ஆலோசகர் கையை விரித்தார். அப்போதுதான், மாப்பிள்ளையைக் கீழே பைக்கைப் பார்த்துவர அனுப்பிவிட்டு, நான் எழுந்தேன்.

“இல்லைன்னா உண்டாக்கிக்கலாமே” என்றேன்.

அப்படி உதயமானது ‘துயர மேம்பாட்டுக் குழு’. மாப்பிள்ளைக்குத் தெரியாமல் இயங்க வேண்டும் என்பது முதல் விதி. அமைப்பாளர் நான்.

முதல் கட்டமாக அவர் வேலையைப் போக்குவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். அவருடைய லிஃப்ட் கம்பெனிக்கு நானே ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். பொய் எழுதுவது என் கொள்கைக்கு விரோதம். ஆகவே உண்மையையே எழுதினேன்: ‘மேற்படி ஊழியர் பணி நேரத்தில் மகிழ்ச்சியாகக் காணப்படுகிறார்.’ கம்பெனி விசாரணைக் கமிஷன் வைத்தது. குற்றம் நிரூபணமாயிற்று.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை என் வீட்டுக்கே ஓடி வந்தார்.

“மச்சான், வேலை போயிடுச்சு!” வேலை கிடைத்தவன் சொல்லும் தொனி. “இனிமே நாள் பூரா வாசிக்கலாம்!”

வேலைநீக்கக் கடிதத்தையே பாட்டாக்கிவிட்டார். ‘தங்கள் சேவை இனித் தேவையில்லை’ என்று இரண்டு முறை பாடி, மூன்றாவது வரியில் ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள மேலாளர்’ என்று முடித்தார். தெருவே ஆடியது. வேறு வழியில்லாமல் நானும் காலால் தாளம் போட்டேன்.

இரண்டாம் கட்டம், ‘உத்வேகச் சூழல்’. பயிற்சிக்கு வசதி என்று சொல்லி, நிறுவனம் அவர்களை ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடிக்குக் குடி மாற்றியது. மழை பெய்தால் பதினோரு இடத்தில் ஒழுகும். நானே குடை பிடித்துக்கொண்டு போய் எண்ணிப் பார்த்துச் சிபாரிசு செய்த அறை.

முதல் மழையன்று ஆய்வுக்குப் போனேன். தங்கை வாளி, குண்டான், டம்ளர் எல்லாவற்றையும் தரையில் பரப்பியிருந்தாள். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். தொழில் அவள் வாயிலேயே தங்கிவிட்டது.

“இது நல்லா இருக்கா... இல்ல, இது நல்லா இருக்கா?” என்று வாளியைச் சொட்டுக்குக் கீழே நகர்த்தி நகர்த்திக் கேட்டாள்.

“ரெண்டாவது” என்றார் மாப்பிள்ளை, கிட்டாரோடு.

“இப்ப?”

“ஆங், அப்படியே விடு. அதான் சுருதி!”

பதினோரு ஒழுகலும் தாளம் தப்பாமல் விழுந்தன. இருவரும் நனைந்துகொண்டு சிரித்தார்கள். தங்கை எனக்கும் ஒரு டம்ளரைக் கொடுத்து ஓட்டைக்குக் கீழே நிற்கச் சொன்னாள். நின்றேன். அறிக்கையில் மட்டும் ‘பயனாளியின் குடும்பத்தார் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினேன்.

அடுத்த கூட்டத்தில் ஆலோசகர் பலகையில் வட்டங்கள் போட்டார், அம்புக்குறிகள் இழுத்தார். எல்லா அம்பும் ஒரே வட்டத்தில் போய்க் குத்தின. அதில் ‘மனைவி’ என்று எழுதியிருந்தது.

“சந்தோஷத்தோட ஊற்றுக்கண்ணே இதுதான். எடுத்துடுங்க” என்றார்.

அவள் என் கூடப்பிறந்தவள். ஆகவே ஒரு நிமிடம் தயங்கினேன். கூட்டக் குறிப்பில் அது பதிவாகியிருக்கிறது: ‘அமைப்பாளர் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.’

மறுநாள் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

“உன் வீட்டுக்காரருக்கு நீ பக்கத்துல இருந்தா பாட்டு வரலையாம்மா. உன்கிட்ட சொல்லச் சங்கடப்படறாரு” என்றேன்.

அவள் கையிலிருந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “அவரே சொன்னாராண்ணா?”

“என்கிட்டதான் சொன்னாரு. நீ இதைப் பத்திக் கேட்டா இன்னும் உடைஞ்சு போயிடுவாரு.”

“சரிண்ணா. வேற ஊர்ல ஒரு கிளை தொறந்திருக்காங்க. மாத்தல் கேட்டுப் பாக்கறேன்” என்றாள்.

அங்கிருந்து நேரே மாப்பிள்ளையிடம் போனேன். “அவ கொஞ்ச நாள் தனியா இருக்கணும்னு நினைக்கிறா மாப்பிள்ளை. போன் கீன் பண்ணி வைக்காதீங்க. கோபம் ஜாஸ்தியாயிடும்.”

“நான் என்ன மச்சான் பண்ணேன்?”

“அதைத்தான் உங்களை யோசிக்கச் சொன்னா.”

இருவருமே அடுத்தவர் விருப்பத்தை மதிக்கிற ரகம். அப்படிப்பட்டவர்களைப் பிரிப்பது போல் சுலபமான காரியம் உலகத்தில் கிடையாது. தங்கை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியபோது எனக்கு நெஞ்சில் என்னவோ செய்தது. வாயு என்று குறித்துக்கொண்டேன்.

திட்டம் நூறு சதவீத வெற்றி. மாப்பிள்ளை சிரிப்பதை நிறுத்தினார், சாப்பாட்டைக் குறைத்தார், தூக்கத்தை மறந்தார். குழு தனக்குத்தானே நன்றி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு சின்னப் பிசகு மட்டும் இருந்தது. அவர் பாடுவதையும் நிறுத்திவிட்டார்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் முக்காலியில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாட வரல மச்சான்” என்றார். “துக்கம் தொண்டையில நிக்குது. எப்படிப் பாடறது?”

நான் பதறிப்போய் ஆலோசகரைப் பார்த்தேன். அவரோ பரவசத்தில் இருந்தார். “அந்த முகத்தைப் பாருங்க! யாராச்சும் போட்டோ எடுங்க!”

எடுத்தார்கள். பாட்டு இல்லாத இசைத்தட்டுக்கு அட்டை தயாராயிற்று. ஊருக்கு ஊர் சுவரெல்லாம், பஸ் நிறுத்தமெல்லாம் அந்த முகம். ‘இந்த முகமே ஓர் இசை’ என்று எழுதினார் ஒரு விமரிசகர். ‘இவருடைய மௌனத்தில் கிட்டாரின் ஆறாவது நரம்பு அழுகிறது’ என்று எழுதினார் இன்னொருவர். ஒரு சுரம்கூட வெளிவராத நிலையில் அவருக்கு ‘ஆண்டின் சிறந்த குரல்’ விருது கிடைத்தது. இரண்டாயிரம் இருக்கை கொண்ட அரங்கத்தில் நிகழ்ச்சி ஏற்பாடாகி, டிக்கெட்டெல்லாம் தீர்ந்துபோனது.

நான் மூன்றாவது வரிசையில், குறிப்பேட்டோடு. மேடையில் வெளிச்சம் வந்தது. மாப்பிள்ளை மைக் முன்னால் வந்து நின்றார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். நான்கு நிமிடம் ஆயிற்று. எனக்கு முன்வரிசை விமரிசகர் தேம்பித் தேம்பி அழுதார். “என்ன ஒரு ஆலாபனை!” என்றார் பக்கத்திலிருந்தவர்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“என்னங்க! எத்தனை நாளாச்சு நீங்க தூங்கி?”

என் தங்கை. அவளுடைய புதுக் கடைக்கு எதிர்ப் பஸ் நிறுத்தத்திலும் அந்த முகத்தை ஒட்டியிருக்கிறார்கள். கண்ணைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள், தினமும் அந்தக் கண்களையே பார்த்திருக்கிறாள். இருப்புக் கொள்ளாமல் டிக்கெட் எடுத்து வந்துவிட்டாள். விளம்பரப் பிரிவு எல்லா ஊரிலும் ஒட்டியது பெரிய நிர்வாகக் கோளாறு.

மாப்பிள்ளை நெற்றியில் கை வைத்து இருட்டுக்குள் பார்த்தார். “நீயா? உனக்குத்தான் என் மேல கோபமாச்சே?” மைக்கில் அது அரங்கம் முழுக்கக் கேட்டது.

“எனக்கென்ன கோபம்? நான் பக்கத்துல இருந்தா பாட்டு வரலன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நானா? யார் சொன்னா?”

“அண்ணன்!”

“என்கிட்டயும் மச்சான்தான் சொன்னாரு...”

நான் குனிந்து, கீழே விழாத பேனாவைத் தேடினேன். மாப்பிள்ளை மெதுவாக நடந்துபோய்ப் பிளக்கைச் சொருகினார். கிட்டார் ஒருமுறை உறுமியது. மாதக்கணக்கில் தொண்டையில் நின்றதெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது.

‘என் பொண்டாட்டியை என்கிட்டருந்து பிரிச்சான் ஒரு ஆளு,
ஆமா, என் பொண்டாட்டியை என்கிட்டருந்து பிரிச்சான் ஒரு ஆளு,
மூணாவது வரிசையில குறிப்பெடுக்கறான், எழுந்து நின்னு பாரு!’

இரண்டாயிரம் பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். “லைட்டை அவர் மேல போடு” என்று ஆலோசகர் கத்தினார். போட்டார்கள். ஒரு கலைஞனுக்கு உந்துதலாக இருந்தவனுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் கிடைக்குமா? எழுந்து வணக்கம் சொன்னேன். யாரோ ஒரு செருப்பை எறிந்தார். ஜோடியாக எறியாததால் பயன்படவில்லை.

அந்தப் பாட்டு இன்று பன்னிரண்டு நாடுகளில் ஓடுகிறது. மொழி தெரியாத ஊர்களில்கூட மூன்றாவது வரி வந்ததும் ரசிகர்கள் திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்க்கிறார்களாம். என் மனைவி பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுப்பதும் அதுதான். குழு தன் இறுதி அறிக்கையில் ‘இலக்கு எட்டப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டது.

போன வாரம் பூங்கொத்து வாங்கிக்கொண்டு அவர்களைப் பாராட்டப் போனேன். இப்போது ஒழுகாத வீடு. உள்ளே கிட்டார் சத்தமும் தங்கையின் சிரிப்பும் கேட்டன. மணியை அழுத்தினேன். சிரிப்பு நின்றது.

“யாரு?”

“அண்ணன் வந்திருக்கேம்மா.”

அவள் கதவருகே வந்து துளை வழியாகப் பார்த்தது தெரிந்தது. நான் பூங்கொத்தை உயர்த்திக் காட்டினேன். நன்றாகப் பார்த்தாள். பார்வையில் தவறு செய்யாதவள்.

“யாருமில்லங்க” என்றாள் உள்ளே திரும்பி. “நீங்க வாசிங்க.”

கிட்டார் மறுபடி தொடங்கியது. அந்தக் குடும்பத்துக்கு ஒரு துயரம் வேண்டும் என்று ஏழு பேர் உட்கார்ந்து எங்கெங்கோ தேடினோம். அது அவர்கள் வீட்டுக்குள்தான் இத்தனை நாளும் உரிமையோடு வந்துபோய்க்கொண்டிருந்திருக்கிறது. இப்போது கையில் பூங்கொத்தோடு வெளியே நிற்கிறது.