மொத்த வயரும் ராத்தாவின் கலியாணமும்

குடும்பத்திலேயே முதலாவதாகப் படித்த பெண் கொஞ்சம் ஆபத்தானவள். அவள் சொல்வது பிழையென்று சொல்ல வீட்டில் ஆள் இருக்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில், எங்கள் வீட்டில் அந்தப் பெண் நான்தான். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்தேன். (பல்பு எரியாவிட்டால் உம்மா பெருமையோடு என்னைத்தான் கூப்பிடுவார். நானும் பெருமையோடு போய் அண்ணாந்து பார்ப்பேன்.)

சவூதியில் வேலை செய்த அண்ணன், எங்கள் நானா, ஊருக்கு வந்தபோது ஒரு ஸ்டீரியோ செட் கொண்டுவந்தார். கூடவே இரண்டு வகை ஸ்பீக்கர் வயர். ஒன்று செட்டோடு வந்த மெல்லியது. மற்றது விரல் மொத்தத்தில் செம்பு வயர். நானாவுக்கு மெல்லியதுதான் பிடித்தது.

"இதுல கொரல் பஞ்சு மாதிரி வருது. காதுக்குச் சுகமா இரிக்கி."

"சுகத்தப் பாக்கப்படா நானா. உள்ளது உள்ளபடி கேக்கணும்."

"ஓம், நீ படிச்சவ. எனக்குக் காது மட்டுந்தான் இரிக்கி."

உள்ளபடி வருகிறதா என்று அறிய, நன்றாகத் தெரிந்த குரல் ஒன்று வேண்டும். காலையில் உம்மா கதவுத் திரைக்குப் பின்னால் நின்று மீன்காரரை விரட்டியதைக் களவாகக் கேசட்டில் பதிவு செய்தேன். பின்னேரம் மொத்த வயரைப் பூட்டி, ஸ்பீக்கரை உம்மா நின்ற அதே இடத்தில் வைத்தேன். (பரிசோதனை என்றால் சும்மாவா?) அக்காவின், எங்கள் ராத்தாவின், கலியாணத்துக்கு நாள் குறிக்க மாப்பிள்ளையின் உம்மாவான மாமி அப்போது வரவிருந்தது எனக்கு மறந்தே போயிற்று. அவர் வாசலில் நின்று சலாம் சொன்னதும் கேட்கவில்லை. பட்டனை அழுத்தினேன்.

"வேணாம். நேத்துத் தந்ததே நாறின. இனி இந்த வாசலுக்கு வராதீங்க."

மூச்சு வாங்குவது உட்பட, அப்படியே உம்மா. வென்றுவிட்டேன் என்று துள்ளினேன். துள்ளியபடி சன்னலால் பார்த்தால், மாமியின் கறுப்புக் குடை விடுவிடென்று கேட்டைத் தாண்டிப் போகிறது.

ராத்தா அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். கிணற்றடியிலிருந்து உம்மா ஈரச் சீலையோடு ஓடிவந்தார். நானா செருப்பில்லாமல் ஓடி மாமியை மறித்தார்.

"நேத்து நான் அனுப்பின இனிப்புத் தொதலா நாறின?" மாமி கேட்டது தெருவுக்கே கேட்டது.

"அது மீனுக்குச் சென்ன மாமி. அதுவும் இப்ப உம்மா செல்லல்ல, வயர் சென்ன."

எப்படியோ கூட்டிவந்தார். உம்மாவை மாமிக்குப் பக்கத்திலேயே இருத்தி, மறுபடி போட்டுக்காட்டினேன். மாமி எழுந்து திரையை விலக்கிப் பார்த்தார். ஸ்பீக்கருக்குப் பின்னால் பார்த்தார். பிறகு, உம்மாவின் வாய் அசைகிறதா என்றும் பார்த்தார்.

"புள்ள, மத்த வயரையும் போடுங்க."

போட்டேன். இப்போது உம்மா மீன்காரரை விரட்டியது, விருந்துக்கு அழைப்பதுபோல் இருந்தது.

"இதுதான் நல்லம்," என்றார் மாமி. "சம்பந்தியாகப் போறவட கொரல் உள்ளபடி எனக்கு வேணாம். வாங்க, நாளக் குறிப்பம்."

நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

நான் இப்போது பௌதிகவியல் டீச்சர். ராத்தாவின் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனாலும் திரைக்குப் பின்னாலிருந்து உம்மா "வாங்க" என்றால், மாமி உடனே படியேறமாட்டார். வாசலில் நின்று, என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்:

"புள்ள, இது மெல்லிய வயரா, மொத்த வயரா?"