லினக்ஸுக்கும் ஒரு வண்டி விடுங்க ஐயா

ஆலங்காயத்திலிருந்து ஏறிவரும் மினி பஸ் கடைசியாக நிற்கும் ஜவ்வாது மலைக் கிராமத்திலிருந்து, அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்து தற்போது வீட்டோடு இருக்கும் தீர்த்தகிரி, சென்னை நூலிழை மென்பொருள் நிறுவனத்தின் மேலாளர் உயர்திரு ஆதிநாராயணன் அவர்களுக்கு மிக்க மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி சாந்தம்மாள், மகள் அன்பரசி, கறவை மாடு இரண்டு, அனைவரும் நலம். அங்கு தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், நான் எப்போது போன் செய்தாலும் வள்ளென்று விழாமல் பேசும் தங்கள் ஆபீஸ் அருணாம்மாவும் நலமாயிருக்க எங்கள் சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

விஷயம் என்னவென்றால், உடம்பின் அளவைக் கொடுத்தால் ரவிக்கைக்கு எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று தாளில் கோடு போட்டுத் தரும் மென்பொருளைத் தாங்கள் விற்கிறீர்கள். என் மகள் அன்பரசி தையற்காரி. அவளிடம் ஒரு கம்ப்யூட்டரும் இருக்கிறது. ஆனால் அது பழைய பொட்டி, கனமான சரக்கெல்லாம் தாங்காது என்று ஆலங்காயத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் என் அண்ணன் மகன் ரஞ்சித் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். ஐயா, பொய் சொல்லக் கூடாது, தங்கமான சாமான். வைரஸ் கிடையாது, காசு கிடையாது, கரண்டு போயி வந்தாலும் மொறைக்காம எழுந்து உக்காந்துக்குது. இந்தக் கடிதத்தைக்கூட நான் அதுலதான் ஒத்தை விரலால அடிச்சிக்கினு இருக்கேன். ஒரே ஒரு கொறை, உங்க ரவிக்கை சாப்ட்வேர் அதுல ஓடாது. ரஞ்சித் ஏதோ குறுக்கு வழியில ஓட்டிப் பாத்தான். ஓடத்தான் ஓடிச்சு, ஆனா எங்க பக்கத்து வூட்டு கெங்கம்மாளுக்கு வெட்டின ரவிக்கையில ரெண்டு கையும் இடது கையாவே வந்துடுச்சு. அந்தம்மா அதையும் போட்டுக்கினு கல்யாணத்துக்குப் போயி, சாப்பாட்டுப் பந்தியில வலது கையத் தூக்க முடியாம பேஜார் பட்டுச்சாம். இன்னிக்கும் என்னைப் பாத்தா மொகத்தத் திருப்பிக்குது.

இது வரைக்கும் சிரிச்சிட்டு வுட்டுடலாம் ஐயா. போன மாசம் அன்பரசி இன்னா சொன்னான்னா, "யப்பா, நம்ம லினக்ஸ்ல அந்த சாப்ட்வேர் வராது. வாணியம்பாடியில ஒரு தையல் கடையில அது இருக்குது, வேலைக்குக் கூப்புடுறாங்க, நான் அங்கியே போயி தங்கிக்கிறேன்"னு சொல்லிட்டா. ஒரே பொண்ணு ஐயா. அவ போயிட்டா எங்க வூட்ல பேச்சு சத்தமே இருக்காது. சாந்தம்மாள் என்கிட்ட பேசறதெல்லாம் "சோறு போடட்டுமா", "மாடு கத்துது பாரு", அவ்ளோதான். அதனாலதான் உங்க ஆபீசுக்குப் போன் போட்டேன். அருணாம்மா நல்ல மாதிரிதான் சொல்லிச்சு: "சார், லினக்ஸ்ல எங்களுக்கு யூசர்ஸே இல்ல சார். ஆள் இருந்தா பண்ணுவோம்."

ஐயா, இத நான் வேற எடத்துல கேட்டிருக்கேன். எங்க ஊருக்கு மொதமொதல்ல மினி பஸ் விட்டப்ப, ஓனரு இதேதான் சொன்னாரு. ஓட்டிப் பாக்கறேன், ஆள் ஏறலன்னா நிறுத்திடுவேன்னாரு. பஸ்ஸே இல்லாத ஊர்ல பஸ்ஸுக்குன்னு ஆளு எங்கேர்ந்து முன்கூட்டியே வந்து நிப்பான்? ஆனா எங்காளுங்க உஷாரு. வேலை இருக்கறவன், இல்லாதவன், ஒடம்பு முடியாதவன் எல்லாரும் ஏறினாங்க. கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு அதே வண்டியில திரும்பி வந்தாங்க. சின்னக்குழந்தை கவுண்டரு ஆட்டுக்கும் சேத்து டிக்கெட் வாங்கினாரு. நானே கிழிச்சிக் குடுத்தேன். கூட்டத்தப் பாத்துட்டு ஓனரு வண்டிய நிரந்தரமா வுட்டாரு. அப்பால நெசமாவே ஆளு சேந்துச்சு. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க போச்சு, புளி மூட்ட போச்சு, சாமை போச்சு. வண்டி வந்ததாலதான் கூட்டமே வந்துச்சு.

அதனால இதுக்கும் அதையே செஞ்சோம். உங்க வெப்சைட்ல 'லினக்ஸில் வேண்டுவோர் பதிவு செய்க'ன்னு ஒரு எடம் இருக்குதில்ல? ஊர்ல டவர் கெடைக்கிற பாறை மேல ஞாயித்துக்கெழம எல்லாரையும் வரச் சொன்னேன். போன் இல்லாதவங்க நெறைய பேரு, அதனால எல்லாருக்கும் என் நம்பரையே போட்டேன். ஓடிபி வரும், நான் கத்துவேன், கீழ லைன்ல நிக்கிறவங்க "இன்னாது, இன்னொரு தபா சொல்லு"ம்பாங்க. 'இதில் என்ன வசதி எதிர்பார்க்கிறீர்கள்'னு கேட்டிருந்தீங்களே, எங்காளுங்களுக்கு மனு எழுதித்தான் பழக்கம். கெங்கம்மாள் கோவத்தையெல்லாம் மறந்துட்டு வந்து, "சாமைக் காட்டுக்குள்ள பன்னி எறங்கக் கூடாது"ன்னு போடச் சொல்லிச்சு. சின்னக்குழந்தை கவுண்டரு பள்ளிக்கூடத்துக்குக் காம்பவுண்டு கேட்டிருக்காரு. அதெல்லாம் உங்களால ஆவாதுன்னு எனக்குத் தெரியும், மனசு நோகக் கூடாதுன்னு அப்பிடியே அடிச்சேன்.

மறுநாளு அருணாம்மா போன் பண்ணிச்சு. "சார், ஊரே ஒரே நம்பர்ல வந்திருக்கு. எங்க சிஸ்டம் பயந்து கதவ சாத்திக்கிச்சு. நீங்க ரோபோவா சார்?"

"ரோபோ இல்லம்மா, கண்டக்டர்"னு சொன்னேன். நம்பர்தான் ஒண்ணு, ஆளு ஒண்ணொண்ணும் நெஜம். சந்தேகமா இருந்தா நேர்ல வந்து தலைய எண்ணிக்கோங்க, சாமை சோறும் கருவாட்டுக் கொழம்பும் ரெடியா இருக்கும். ஐயா, உலகத்துல எத்தினியோ பேரு லினக்ஸ வெச்சிக்கினு உங்கள மாதிரி கம்பெனிங்களப் பாத்து கை காட்டிக்கினே நிக்கறாங்கன்னு ரஞ்சித் சொல்றான். நீங்க நிறுத்தாமப் போறீங்க, அப்பறம் அந்த ஸ்டாப்ல ஏறவே ஆள் இல்லன்றீங்க. இது நியாயமா? இலவசமா குடுக்கச் சொல்லல, வெலைக்கே குடுங்க, வாங்கிக்கறோம். ஒரு தபா ஓட்டிப் பாருங்க, கூட்டத்துக்கு நான் கேரண்டி. ரவிக்கை எங்க லினக்ஸ்ல ஓடற அன்னிக்கு வாசல்ல பூசணிக்கா ஒடச்சி மேளம் வெக்கறோம். என் பொண்ணு இந்த மலையிலியே இருப்பா.

இத்துடன் முடித்துக்கொள்கிறேன். தங்கள் பிள்ளைகுட்டிகள் தீர்க்காயுசாக இருக்கட்டும், தங்கள் சர்வர் ஒருநாளும் படுக்காமல் இருக்கட்டும். அருணாம்மாவுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தீர்த்தகிரி

பின்குறிப்பு: இத அனுப்பறதுக்கு முன்னாடி தப்பு இருந்தா திருத்தச் சொல்லி அன்பரசிகிட்ட காட்டினேன். படிச்சா. சிரிப்பான்னு பாத்தேன், சிரிக்கல. "யப்பா, ரஞ்சித் அண்ணன் கடையில விண்டோஸ் போட்ட புது லேப்டாப் ஒண்ணு சும்மா கெடக்குது. எடுத்துக்கோன்னு அண்ணன் எப்பவோ சொல்லிச்சு. நான்தான் வேணான்னேன். எனக்கு அந்த சாப்ட்வேரும் வேணாம், கண்ணளவுலியே வெட்டுவேன். பத்து பொண்ணுங்களோட உக்காந்து வேலை செய்யணும், வேலை முடிஞ்சி கடைத்தெருவுல நடக்கணும்னு ஆசையா இருக்குது. நேரா சொன்னா நீ அழுவ. லினக்ஸ் மேல பழியப் போட்டா உன் கோவம் அதோட போயிடும்னு நெனச்சேன். நீ ஊரையே பாறை மேல ஏத்துவேன்னு நான் இன்னாத்தக் கண்டேன்?"னு சொன்னா. சாந்தம்மாளுக்கு இது மொதல்லேர்ந்தே தெரியுமாம்.

நான் அழுவலன்னு சொல்ல மாட்டேன் ஐயா. ஆனா போவட்டும்னு சொல்லிட்டேன். ஆகையால மேல எழுதினதெல்லாம் அவசரமில்ல, லினக்ஸ் சமாச்சாரத்த நீங்க மெதுவா செஞ்சாலும் போதும். அந்த வாணியம்பாடி கடைக்காரரு உங்க சாப்ட்வேர வாங்கினவருதானே, அவரு நம்பரு உங்ககிட்ட இருக்குமே. பொண்ணுங்க தங்கற எடம் எப்பிடி, தண்ணி வசதி உண்டா, ஆளு நல்ல மாதிரியான்னு மட்டும் அருணாம்மாவ வுட்டு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. இதுக்கு எத்தினி பேருக்குன்னு கேக்காதீங்க ஐயா, ஒருத்திக்குத்தான்.