கிணற்றுக்குச் சாயம் போட்ட தண்டனை

சென்னப்பட்டணத்தில் வைத்தியம் படிக்கும் என் தம்பி குப்புராஜுக்கு, ஆரணியிலிருந்து உன் அக்காள் அபிதகுசாம்பாள் வாய் நிறைய ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக எழுதுகிற வார்த்தைதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே. இந்த ஆடியில் நம் தெருவில் ஒருவர்கூடச் சாகவில்லை. ஜெயித்துவிட்டேன் தம்பி. எப்படி என்று கேள்.

போன ஆடியில் வாந்திபேதி கண்டு கிடந்தபோது உன் மாமா தண்ணீர்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். பேதி கண்டவருக்குத் தண்ணீர் ஆகாது என்று எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் காரியத்துக்கு வந்த நீ, தெருக்கிணற்றில் பூச்சி இருக்கிறது, பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால் வளைந்த நூல் துணுக்கு மாதிரி தெரியும், அது குடலுக்குள் போனால் உடம்பிலுள்ள நீரும் உப்பும் வடிந்து ரத்தம் கெட்டியாகிவிடும், அவருக்கு வேண்டியிருந்ததே தண்ணீரும் உப்பும்தான் என்றாய். தறியில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி காய்ந்து இழை அறுவதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். அழுது ஓய்ந்த பிறகு எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இந்தத் தெருவில் இன்னொருத்தி இப்படி மூலையில் உட்காரக் கூடாது.

நீ சொன்னபடி தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எதிர்வீட்டு விருத்தாம்பாள் என்ன கேட்டாள் தெரியுமா? "ஏண்டி, நாங்க இன்னா பட்டு நூலா, பசை போக அவிச்சி எடுக்க? தாலி அறுத்தவ வூட்டு வாசல்ல நின்னுகினு வைத்தியம் வேற சொல்றா!" அவள் சொன்னதற்குச் சிரிக்காதவர் தெருவில் இல்லை. சாயக்காரர் பொன்னுசாமி மட்டும் சிரிக்கவில்லை. விறகு விலையைச் சொல்லி என்னைத் திட்டினார்.

அதனால்தான் நீ தபாலில் அனுப்பிய, பூச்சியைக் கொல்லும் பொடியை எடுத்தேன். கிணற்றில் கரைத்து ஊற்று, விடிந்து பார்க்கும்போது தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தால் போதும் என்று எழுதியிருந்தாய். ஊற்றினேன், சிவந்தது. ஆனால் தம்பி, நெசவுக்காரி கண்ணுக்கு அது ஒரு சிவப்பா? வெளுத்துப்போய், சாயம் பிடிக்காமல் கடையிலிருந்து திரும்பி வந்த சேலை மாதிரி இருந்தது. பூச்சிக்கு இது உறைக்காது என்று இன்னும் கொஞ்சம் போட்டேன். அப்போதும் விளிம்பில் வெளிறலாகத் தெரிந்தது. முந்தானைக்குப் போடுகிற கத்தரிப்பூ நிறம் வந்த பிறகுதான் எனக்குத் திருப்தி.

காலையில் தண்ணீர் சேந்த வந்தவர்கள் அலறவில்லை. அதுதான் கூத்து. பொன்னுசாமி ஒரு வாளி இழுத்துப் பார்த்துவிட்டு, "அட, அம்மனே நமக்கு சாயம் காச்சி வெச்சிகீறா! ஜல்தி நூலை எடுத்தாங்கடா!" என்று கத்தினார். தெருவே கூலியில்லாச் சாயத்துக்கு நூலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. விருத்தாம்பாளும் பழைய சேலையைக் கொண்டுவந்து முக்கினாள். முக்கும்போது கத்தரிப்பூ, பிழிந்து வெயிலில் போட்டால் வெற்றிலைக் காவி! ஒரு கல்யாணச் சேலைக்கு வைத்திருந்த நூல் அத்தனையும் போயிற்று. பொன்னுசாமியின் இரண்டு கையும் முழங்கைவரை பழுப்பு. ஒருவாரம் அவர் கையால் திருநீறு கொடுத்தால்கூட யாரும் வாங்கவில்லை.

பஞ்சாயத்து கூடியது. நான்தான் போட்டேன் என்று நானே சொன்னேன். பெரியதனக்காரர் வீரபாகு, "நீ கெடுத்த கிணறும்மா இது. இதுல இனி ஒருத்தரும் வாய் வைக்கக் கூடாது. நாங்க போதும்னு சொல்ற வரைக்கும் தெருவுக்கு நீதான் குடிதண்ணி குடுக்கணும். ஆத்து ஊத்துலருந்து கொண்டாந்து வூட்டு வூட்டுக்கும் ஊத்து" என்று தீர்ப்புச் சொன்னார். விதவைக்கு ஏற்ற தண்டனை என்று விருத்தாம்பாள் முந்தானையைச் செருகிக்கொண்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். சிரிப்பை அடக்க முடியவில்லை தம்பி! ஆற்றிலிருந்து கொண்டு வா என்றார்களே தவிர, கொதிக்க வைக்காதே என்று ஒருவரும் சொல்லவில்லையே!

பட்டு அவிக்கிற அடுப்பில் அண்டாவை ஏற்றினேன். முதல் நாள் தண்ணீரில் சவுக்கார வாசனை அடித்தது, அண்டாவைச் சரியாகத் தேய்க்கவில்லை. திட்டிக்கொண்டே குடித்தார்கள். குடிக்காமல் எங்கே போவார்கள்? ஆடித் திருவிழாவுக்குப் பிறகு அக்கம்பக்கத்துத் தெருக்களில் பேதி புகுந்தது, சாவுப் பறை ஓயவில்லை. நம் தெருவில் மட்டும் திட்டுச் சத்தம்தான்.

நம் பக்கத்துச் சேத்துப்பட்டில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போய்வந்த பொன்னுசாமிக்குத்தான் பேதி கண்டது. அங்கே என் தண்ணீர் ஏது? கண்ணெல்லாம் உள்ளே போய்க் கிடந்தார். "தண்ணி குடுக்காதேடி, கொன்னுடுவே!" என்று விருத்தாம்பாள் என் கையைப் பிடித்தாள். போன வருஷம் பிடித்த அதே கை. இந்தத் தடவை உதறினேன். ஆறவைத்த கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டுக் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். கக்கினார், மறுபடி ஊற்றினேன். சேலையெல்லாம் கஞ்சி. பொழுது சாயும் நேரத்தில் கண்ணைத் திறந்து பார்த்து, "அண்ணி, உப்பு தூக்கலா கீது" என்றார். அன்றைக்குத்தான் நான் உன் மாமாவுக்காக வாய்விட்டு அழுதேன்.

பிழைத்து எழுந்த மனிதர் சும்மா இருப்பாரா? நேற்று பஞ்சாயத்தைக் கூட்டி, "என் உசுரைக் காப்பாத்தின மவராசியை இன்னும் பேஜார் பண்ணிகினு இருக்கலாமா? தண்டனைய எடுங்க" என்று அழுதார். எடுத்துவிட்டார்கள். கிணறும் தெளிந்துவிட்டது. விருத்தாம்பாள்கூட என்னை உட்காரச் சொல்லி வெற்றிலை கொடுக்கவில்லையே தவிர, மோர் கொடுத்தாள். இனி அந்தப் பொடியைத் தொடுவதில்லை என்று பெரியதனக்காரர் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். நீயும் இனி அனுப்பாதே. எனக்கு மனது நிறைந்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு. பிணத்தை அறுத்தால் நன்றாகக் கை கழுவிவிட்டுச் சோற்றில் கை வை. அம்மன் ரேணுகாம்பாள் உனக்குத் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு உன் அக்காள்,
அபிதகுசாம்பாள்

மடித்த கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன்: இப்போதுதான் வாசலுக்குப் போனேன். தண்டனை தீர்ந்த சந்தோஷத்தில் தெருவே கிணற்றைச் சுற்றி நிற்கிறது. விருத்தாம்பாள் பச்சைத் தண்ணீரை மொண்டு பேத்திக்குக் கொடுத்து, "குடிடி கண்ணு, அடுப்பு வாசனை இல்லாத தண்ணி" என்கிறாள். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மிச்சப் பொடியை எல்லோர் கண்ணெதிரிலும் கிணற்றில் கொட்டிவிட்டேன். சத்தியம் மீறிய பாவம் என்னோடு போகட்டும். வெளியே என்னைக் கூப்பிட்டுக் கத்துகிறார்கள், நாளைக்குப் பஞ்சாயத்து. இந்தத் தடவை ஆயுசுக்கும் தண்டனை போடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். பொடி தீர்ந்துவிட்டது. சீக்கிரம் அனுப்பு.