நான் கவிழ்த்த பிரிட்டிஷ் அரசாங்கம்

பிள்ளைகளே, உங்கள் வீட்டுப்பாடத்தில் அப்பா மூக்கை நுழைத்தால் உஷாராக இருங்கள். ஒரு பிரிட்டிஷ் அரசாங்கத்தையே ஒரு பீரியட் முடிவதற்குள் கவிழ்த்தவன் சொல்கிறேன்.

அப்போது அமெரிக்காவில், சுகர் லேண்ட் என்ற ஊரில், மச்சானுடைய கேஸ் ஸ்டேஷனில் (நம்மூர் பெட்ரோல் பங்க்தான்) கல்லாவில் நின்றுகொண்டிருந்தேன். மகள் ஷாஹினா ஏழாம் வகுப்பு. சமூக அறிவியலில் மட்டும் அவள் மார்க் தரைதட்டிக் கிடந்தது. அவளைக் கரையேற்ற ஒரு வாய்ப்பு வந்தது. வகுப்பிலேயே ஒரு பிரிட்டிஷ் நாடாளுமன்றம். டீச்சர் மகாராணி, ஷாஹினா பிரதமர். மந்திரிகளை அவளே நியமிக்கலாம், நீக்கலாம். ஆனால் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் அவள் பக்கம் இருக்க வேண்டும். மணி அடிக்கும்வரை பதவியில் நீடித்தால் முழு மார்க்.

"க்வீன் சும்மா சைன்தான் பண்ணுவாங்க, அத்தா. பவர் எல்லாம் பி.எம்.முக்கும் கேபினெட்டுக்கும்தான். பட், பி.எம். தனியா டிசைட் பண்ண முடியாது," என்று விளக்கினாள் மகள்.

"அதெல்லாம் புக்ல எழுதுறதும்மா," என்றேன். (பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு வாயைப் பாருங்கள்!) "ஊர்ல நான் பாக்காத கட்சிக் கூட்டமா? தலைவர் உக்காராம மந்திரி உக்காரக் கூடாது. எவனாவது எதுத்துப் பேசினா, உடனே தூக்கிடு. பயம் இருக்கணும்!"

"பிள்ளையக் கெடுக்காதீங்க," என்றாள் என் மனைவி மும்தாஜ், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

பெற்றோரும் பார்க்க வரலாம் என்றார்கள். சும்மா இருப்பேனா? கடைசி வரிசையில், ஒரு குட்டி நாற்காலியில் என்னைத் திணித்துக்கொண்டேன்.

ஷாஹினா உட்காரும்வரை மந்திரிகளெல்லாம் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டாள். சிரித்துக்கொண்டே நின்றார்கள். பிறகு நிதி மந்திரி கெவின், வரியை ஏற்றக் கூடாது என்று மறுத்துப் பேசினான். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் 'தூக்கு' என்று கையால் ஜாடை காட்டினேன்.

"கெவின், யூ ஆர் ஃபயர்ட்!"

அவனுக்குப் பரிந்து பேசிய உள்துறையும் காலி. உடனே வெளியுறவு மந்திரி எமிலி எழுந்து, சட்டையில் குத்தியிருந்த காகித பேட்ஜைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "ஐ ரிசைன்." அவள் பின்னால் மிச்ச மந்திரிகளும் வரிசையாகக் கழற்றி வைத்தார்கள்.

மகாராணி கேட்டார்: "பிரைம் மினிஸ்டர், டூ யூ ஹாவ் எ மெஜாரிட்டி?"

ஷாஹினாவின் கண்கள் கலங்கிவிட்டன. தலைவர் தவிக்கும்போது தொண்டன் என்ன செய்வான்? எழுந்தேன். நாற்காலியும் இடுப்போடு சேர்ந்து எழுந்தது.

"பிரதமர் ஷாஹினா... வாழ்க!"

(பதிலுக்கு நாலு பேராவது 'வாழ்க' சொல்வார்கள் என்று நினைத்தேன். ஏ.சி. மட்டும் உறுமியது.)

வாக்கெடுப்பு நடந்தது. பிரதமருக்கு ஆதரவாக ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. என்னுடையது. செல்லாது என்றார் மகாராணி.

"அரசாங்கம் ஏன் கவிழ்ந்தது, ஷாஹினா?" என்று டீச்சர் கேட்டார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "கூட உட்கார்ந்திருந்தவங்க பேச்சைக் கேட்கலை. யாருமே ஓட்டுப் போடாத ஒரு ஆலோசகர் பேச்சைக் கேட்டேன்."

வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. போன மார்க்கில் பாதி அந்தப் பதிலுக்குத் திரும்பி வந்தது, பிள்ளை தேறிவிட்டாள்.

நான்தான் இன்னும் தேறவில்லை. வீட்டில் எதற்கு வாயைத் திறந்தாலும் மும்தாஜ் கேட்பாள், "உங்களுக்கு யாரு ஓட்டுப் போட்டா?"

போன மாதம் எங்கள் புது மருமகன் எந்தக் கார் வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமினேன். அவர் மிகவும் மரியாதையாக எழுந்து நின்றார்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க... உங்களுக்கு யாரு ஓட்டுப் போட்டா?"