கியூபா மேசையில் ஒன்றுமில்லை

பார்சலைப் பிரித்ததும் உள்ளேயிருந்து ஒரு பாவாடை வெளியே வந்தது. அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்த பாவாடை. வந்தது, வந்துகொண்டே இருந்தது. சோபாவை நிறைத்துத் தரையில் வழிந்த பிறகுதான் நின்றது.

"இது யாருக்குடி?" என்றாள் மிக்தாலியா.

"உனக்குத்தான்மா. சனிக்கிழமை ஸ்கூல்ல பாரம்பரிய தினம். நல்ல மேசைக்குப் பரிசு உண்டாம். கியூபா மேசைக்கு நீதானே? பெண்டில்டன் அம்மா அனுப்பியிருக்காங்க" என்றாள் பதினொரு வயது மகள் லெய்டிஸ். "தொப்பி தனியா வருதாம்."

மிக்தாலியா கியூபாவின் ஒல்கின் நகரத்தில் முப்பது வருடம் வாழ்ந்துவிட்டு அமெரிக்காவின் லூயிவில்லுக்கு வந்தவள். அந்த முப்பது வருடத்தில் இப்படி ஒரு பாவாடையை ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஓட்டலில், கண்ணாடிக்கு வெளியே நின்றபடி.

"நான் போட மாட்டேன்."

"எல்லார் முன்னாலயும் என் மானம் போயிடும்மா!"

"போட்டா என் மானம் போகும். யார் மானம் பெரிசு?"

"என்னுதுதான். அந்த ஸ்கூல்ல இன்னும் ரெண்டு வருஷம் நான்தானே இருக்கணும்?"

திருமதி பெண்டில்டன் பாரம்பரியக் குழுவின் தலைவி. முப்பத்திரண்டு நாட்டு மக்கள் என்ன உடுத்துவார்கள், என்ன சாப்பிடுவார்கள், எப்படிக் குதிப்பார்கள் என்பதையெல்லாம் ஒரு நீலக் கோப்பில் எழுதி வைத்திருந்தார். அதில் இரண்டு நாடுகளுக்கு அவர் நேரிலேயே போனதுண்டு. ஒன்றில் விமானம் மாறுவதற்காக இறங்கினார்.

மிக்தாலியா அவருக்குப் போன் செய்தாள். "பாவாடை வேண்டாங்க. சமைச்சு எடுத்துட்டு வரேன். கறுப்பு பீன்ஸ், சோறு, மரவள்ளிக்கிழங்கு."

"அடடா, சூடான சாப்பாட்டுக்கு அனுமதி இல்லையே. கோப்புல கியூபா சாண்ட்விச்னு போட்டிருக்கு. கடையில வாங்கிட்டு வந்துடுங்களேன்."

"அதை நான் முதல்முதலா தின்னதே இந்த நாட்டுக்கு வந்துதாங்க. அங்க ரொட்டி கிடைச்ச அன்னைக்குக் கறி இருக்காது. கறி கிடைச்ச அன்னைக்குக் கரண்ட் இருக்காது."

"இது கொஞ்சம் சோகமா இருக்கே. நாங்க கொண்டாட்டமா எதிர்பார்க்கிறோம்."

"சரி, அப்ப ஃபேன் கொண்டு வரேன். குப்பையில கிடந்த வாஷிங் மெஷின் மோட்டாரைக் கழட்டி, பழைய டெலிபோன் மேல நிக்க வச்சு நானே பண்ணினது. எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு இதான். சுத்தி மூடி கிடையாது. காத்து பிய்ச்சுக்கிட்டு வரும்."

"விரல் பட்டுட்டா?"

"கவனமில்லாதவங்களுக்குப் பிய்ச்சுக்கிட்டுப் போகும்."

ஒரு மணி நேரத்தில் மின்னஞ்சல் வந்தது. கியூபா மேசையில் அடுப்போ மின்சாரமோ கூடாது. குழு அனுப்பிய உடையை அணிவது நல்லது. பதினொரு மணிக்கு மேசையின் முன்னால் கூட்டமில்லை என்றால், இடம் போதாமல் தவிக்கும் ஸ்காட்லாந்துக்கு மேசை கொடுக்கப்படும்.

"போச்சு! பேசாம அந்தப் பாவாடையைப் போட்டுத் தொலையேன்மா" என்று லெய்டிஸ் அழுதாள்.

"இனி முடியாதுடி." மிக்தாலியா ஜன்னலைக் காட்டினாள். பாவாடை மூன்று ஜன்னலுக்கும் திரைச்சீலையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சத் துணியில் மேசைத் துடைப்பான் நாலு தேறியிருந்தது.

சனிக்கிழமை காலை பள்ளியின் விளையாட்டு அரங்கில் முப்பத்திரண்டு மேசைகள். இத்தாலியில் பாஸ்தா, ஜப்பானில் காகிதக் கொக்கு, ஸ்காட்லாந்தில் முட்டி தெரியக் கட்டம்போட்ட பாவாடை கட்டிய ஆண்கள். கியூபாவில் ஒரு சின்னக் கொடி, அதன் பின்னால் வேலைக்குப் போகிற கால்சட்டையோடு மிக்தாலியா. லெய்டிஸ் இத்தாலிக்குக் குடிபெயர்ந்துவிட்டாள்.

பத்தேகாலுக்கு ஒரு குண்டு மனிதர் வந்தார். "இங்க என்ன குடுக்கிறீங்க?"

மிக்தாலியாவுக்கு எங்கிருந்தோ ஒரு வீம்பு வந்தது. "இன்னும் வரலை."

"எப்ப வரும்?"

"வரலாம். வராமலும் போகலாம்."

"என்ன வரும்?"

"அதை யாருங்க சொல்ல முடியும்? வேணும்னா இடம் பிடிச்சு வையுங்க."

அவர் நின்றார். அவர் நிற்பதைப் பார்த்து இருவர் நின்றார்கள். மூன்று பேர் நிற்கிறார்களே, ஏதோ இருக்கும்போல என்று பத்துப் பேர் சேர்ந்தார்கள்.

மிக்தாலியா நாற்காலி மேல் ஏறினாள். "முட்டாதீங்க! எங்க ஊர் முறை சொல்றேன், கேளுங்க. வந்ததும் 'யாரு கடைசி?'ன்னு கேக்கணும். கை தூக்கினவர் மூஞ்சியை ஞாபகம் வச்சுக்கணும். அவருக்கு முன்னாடி யாருன்னும் கேட்டுக்கணும், அவர் பாதியில கழண்டுக்கிட்டார்னா? அப்புறம் எங்க வேணா சுத்திட்டு வாங்க. இடம் உங்களுதுதான்."

அரை மணியில் "யாரு கடைசி?" என்ற குரல் ஜப்பான்வரை கேட்டது. காகிதக் கொக்குகள் அநாதையாகக் கிடந்தன. லெய்டிஸ் ஓடி வந்தாள்.

"அம்மா, என்னம்மா நடக்குது இங்க?"

"நம்ம ஊரு நடக்குது. அங்க ஒருத்தன் குறுக்க நுழையுறான் பாரு, பிடி!"

லெய்டிஸ் ஒரு கணம் தயங்கினாள். பிறகு அரங்கமே அதிரக் கத்தினாள். "பாவாடை மாமா! உங்க இடம் பச்சைச் சட்டை அக்காவுக்குப் பின்னால! அந்தக் கதையெல்லாம் இங்க வேண்டாம்!"

ஸ்காட்லாந்துக்காரர் முனகிக்கொண்டே பின்னால் போனார்.

சரியாகப் பதினொரு மணிக்குத் திருமதி பெண்டில்டன் கோப்போடு வந்தார். "இத்தனை கூட்டமா? அப்படி என்ன குடுக்கிறீங்க?"

"ஒண்ணும் குடுக்கலையே."

"அப்ப கலைஞ்சு போகச் சொல்லுங்க!"

"முக்கால் மணியா நிக்கிறோம், யாரைக் கலைக்கப் பாக்குறே?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். "தலைவின்னா நேரா முன்னால போயிடலாமா? வரிசையில வா!"

மிக்தாலியா இடுப்பில் கைவைத்தாள். "கோப்பைத் திறந்து எழுதிக்குங்க அம்மா. கியூபான்னா பாவாடை இல்லை, தொப்பி இல்லை. இல்லாத சாமானுக்குக்கூடத் தலை நிமிர்ந்து, ஜோக்கடிச்சுக்கிட்டு நிப்போம் பாருங்க, அதுதான் கியூபா. இது உலகத்துல வேற எவனுக்கும் வராது. இது எங்க சொத்து!"

பதில் சொல்லப் பெண்டில்டன் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் அவர் தோளைத் தட்டினார். "நீங்கதான் கடைசியா?"

பெண்டில்டன் இப்படியும் அப்படியும் பார்த்தார். மெல்லக் கையைத் தூக்கினார்.

பன்னிரண்டு மணிக்கு மிக்தாலியா அறிவித்தாள். "தீர்ந்துபோச்சு! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

"ஆரம்பிக்கவே இல்லையேம்மா!" என்று முனகியபடி கூட்டம் கலைந்தது. ஒரே ஒரு கிழவர் மட்டும் போகவில்லை. யாரும் சொல்லித்தராமலே முறைப்படி வரிசையில் சேர்ந்தவர் அவர். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"நான் இன்னைக்கு நடுவர் அம்மா. பேரு வோய்ச்சிக். முதல் பரிசு உங்க மேசைக்குத்தான். தாளை நடுவுல போய் எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கிறேன்."

லெய்டிஸ் கூவிக்கொண்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மிக்தாலியா முகவாயை நிமிர்த்தினாள். "பாத்தியாடி? நம்ம கியூபாவுக்கு!"

கிழவர் குழம்பிப்போய் அந்தச் சின்னக் கொடியைக் குனிந்து பார்த்தார்.

"கியூபாவா? நாப்பது வருஷம் கழிச்சு எங்க ஊர்க் காலிக் கடை வரிசையில போய் நின்ன மாதிரி இருந்துச்சேம்மா... நான் போலந்துன்னுல்ல எழுதிக் குடுத்துட்டேன்!"