பலகையும் கைப்பிடியும்

"மறுபடியும் மாத்திட்டான்யா அந்தப் பய!"

குருசாமி போட்ட கூச்சல் ட்ரையர் இரைச்சலையும் மீறிக் கேட்டது. மூணாறு பக்கத்துத் தேயிலை ஃபாக்டரி ஒன்றில் அவர் குமாஸ்தா. தேயிலையை உலர்த்தும் அந்த மெஷினை எப்படி ஓட்டுவதென்று சுவர்ப் பலகையில் எழுதி வைப்பது அவர் பொறுப்பு.

'கைப்பிடியை மேலே தள்ளினால் சூடு கூடும், கீழே இழுத்தால் குறையும்' என்று பலகை சொன்னது. அதை நம்பிப் புது ஆள் ஒருவன் கீழே இழுத்தான். சூடு எகிறியது. ஒரு ஈடு தூள் முழுக்கக் கருகிவிட்டது.

ஃபிட்டர் பாஸ்கல் ஒரு புது பார்ட்டை மாட்டிய நாளில் பிடித்த சனியன் இது. அன்றே கைப்பிடி தலைகீழாகிவிட்டது. குருசாமி சனிக்கிழமை சாயங்காலம் பலகையைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப் போனார். மாற்றி எழுதி, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காயவைத்தார். மூணாற்று ஈரத்தில் பெயிண்ட் வேறு எப்படிக் காயும்? திங்கட்கிழமை மாட்டிப் பார்த்தால், கைப்பிடி பழையபடி வேலை செய்தது! மறுவாரம் பழையபடியே எழுதிக் கொண்டுவந்து மாட்டினார். இப்போது கைப்பிடி திரும்பவும் தலைகீழ். மனுஷனுக்கு வயிறு எரியாதா?

மானேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"பலகையும் மெஷினும் ஒண்ணா இருக்கணும்னு எத்தனை தடவை சொல்றது? வர்ற திங்கக்கிழமை சூப்பிரண்டு வர்றார். அன்னிக்கும் தப்பா இருந்தா, நீர் மேல் டிவிஷனுக்குப் போய் அட்டைங்களோட குடித்தனம் நடத்தும்!"

வீட்டில் மனைவி மாரித்தாய் நியாயமாகத்தான் கேட்டாள். "பாஸ்கல் அண்ணன்ட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"அவன் எந்த யூனியன், நான் எந்த யூனியன்? ஒரே பைப்புல தண்ணி பிடிக்கிறதே பெருசு! என்னைய மேல அனுப்பணும்னே செய்றான்டி!"

அந்தச் சனிக்கிழமை பலகையைக் கழற்றும்போது, வாட்ச்மேன் வேதமுத்துவைத் தனியே அழைத்தார். "நாளைக்கு லீவு. பாஸ்கல் உள்ள வந்தா என்ன செய்றான்னு ஒண்ணுவிடாமப் பாத்து வையி."

"பாத்துருவோம் சார்."

இந்த முறை தமிழில் எழுதினார், மலையாளத்தில் எழுதினார், இங்கிலீஷிலும் எழுதினார். போதாதென்று சிவப்பில் இரண்டு அம்புக்குறியும் போட்டார்.

திங்கட்கிழமை சூப்பிரண்டு வந்தார். பலகையைப் பார்த்து மெச்சினார். "சூட்டைக் குறைக்க மேலே தள்ளணும், அப்படித்தானே?" என்று தானே தள்ளினார்.

கருகல் வாடை குப்பென்று கிளம்பியது. மானேஜர் முகம் அந்தத் தூளைவிடக் கறுத்தது.

"என் பலகை சரிங்கய்யா! மெஷின்தான் தப்பு! இவன் சதி!" குருசாமி ஆத்திரத்தோடு விரலை நீட்டினார். எதிரே பாஸ்கல் ஸ்பானரும் கையுமாக நின்றார். அவர் மீசையும் கோபத்தில் துடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு என்ன கோபம் என்று கேட்பாரில்லை.

"சாட்சி இருக்குங்கய்யா! வேதமுத்து, நேத்து இவன் என்ன செஞ்சான்னு பெரியவங்க முன்னால பயப்படாமச் சொல்லு!"

வேதமுத்து தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அவரு பாவம் சார், பலகையும் மெஷினும் ஒண்ணா இருக்கணும்னு மானேஜரய்யா அவரையும் வஞ்சாராம்; அதான் வாராவாரம் ஞாயித்துக்கிழமை பூசையக்கூட விட்டுட்டு வந்து, சனிக்கிழமை வரைக்கும் உங்க பலகையில என்ன இருந்துச்சோ அதும்படியே மெஷினைத் திருத்திட்டுப் போறாரு!"