வாசலில் இருந்த செடி பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் தங்கள் அத்தையும் சௌகரியம். தாங்களும் என் மகளும் போன இடத்தில் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். செடியும் சௌகரியம்தான். ஆனால் அதை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு எழுந்து போக முடியவில்லை. நான் பட்ட பாடு அப்படி.

மீன் தொட்டி விவகாரத்துக்குப் பிறகு நாலு வருஷமாகத் தாங்கள் என்னை நம்பி ஒரு குடையைக்கூடக் கொடுத்ததில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை. மீன்கள் இருந்தால் அவை சொல்லட்டும். அப்படிப்பட்ட தாங்கள் கிளம்பும்போது போனில், “செடிய வாசல்ல வெச்சிருக்கேன் மாமா, மூணு மாசம் பாத்துக்குங்க” என்றதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மறுநாளே வந்தேன். தங்கள் கதவுக்கும் எதிர்வீட்டுக் கதவுக்கும் நடுவே இரண்டு தொட்டிகள். ஒன்று பளபளவென்று நின்றது. இன்னொன்று பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப் போட்டிருந்தது. ஆள் தேவைப்படுவது எதற்கு என்று, முப்பது வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவனுக்குத் தெரியாதா? தொங்கினதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கூடத்து ஜன்னலருகே அட்மிட் செய்து சார்ட் எழுதினேன்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர். தங்கள் அத்தைக்கு என்மேல் நம்பிக்கை இல்லாததால் எனக்குத் தெரியாமல் அவள் பங்குக்கு ஒரு சொம்பு. செடிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தார் பார்க்க வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் சும்மா போவார்களா? ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார்கள். நாலாம் நாள் தொட்டி வழிந்து, அடித்தட்டு வழிந்து, தரை வழிந்து, கீழ்வீட்டுத் தையல்காரர் தைத்து மாட்டியிருந்த கல்யாணக் கோட்டில் சொட்டியது. மனுஷன் சண்டைக்கு ஏறி வந்தார். வந்தவர் செடியைப் பார்த்ததும் மனசு இளகி, “அடப்பாவமே, என்னங்க இப்படிக் கெடக்கு” என்று அவரும் ஒரு தம்ளர் ஊற்றிவிட்டுப் போனார்.

அஞ்சாம் நாள் இலையெல்லாம் மஞ்சள். நர்சரிக்காரரைக் கூட்டிவந்தேன். மண்ணில் விரலை விட்டு மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். “இதுக்குத் தாகம் இல்லைங்க. முழுகிட்டு இருக்கு. வேர் அழுகிப்போச்சு.” தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருந்தது. சாப்பாட்டு மேஜையிலேயே ஆபரேஷன் நடந்தது. அழுகின வேரை நான் வெட்ட, அவர் ஓட்டையைக் குத்திவிட்டுப் புது மண்ணில் தேங்காய் நார்த்தூள் கலந்து நட்டார். “ரெண்டு கணு விரல உள்ள விடுங்க. காஞ்சிருந்தாத்தான் தண்ணி. நேர் வெயில் வேணாம், வெளிச்சம் போதும்” என்றார்.

அன்றிலிருந்து விடிந்ததும் என் விரல் மண்ணில்தான். பழக்கம் முற்றிப்போய்ச் சர்க்கரை டப்பாவிலும் விட்டு, காய்ந்திருக்கிறது என்று அறிவித்தேன். “கையையாவது கழுவிட்டு விடுங்க” என்று சொன்ன தங்கள் அத்தை அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. பார்வையாளர்கள் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எழுதி ஒட்டியதில் தையல்காரருக்கும் மனஸ்தாபம். “நான் என்னங்க, வெஷத்தையா ஊத்தினேன்?” என்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்.

பதினேழாம் நாள் காலையில் நடுவே ஒரு குருத்து சுருண்டு நின்றது. மாப்பிள்ளை, வார்டில் எத்தனையோ பேர் பிழைத்து நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தருக்கும் அழுததில்லை. இதற்கு அழுதேன். இப்போது எல்லா இலையும் நிமிர்ந்துவிட்டது. தினமும் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். இனியாவது தங்கள் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகலாம்.

மகளுக்கு என் ஆசிகள். இருவருக்கும் வேளைக்குச் சாப்பாடும் போதுமான வெளிச்சமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நம்பிக்கைக்குரிய மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தங்கள் எதிர்வீட்டு அம்மா, தங்கள் செடியை ஏன் இன்னும் யாரும் எடுத்துப்போகவில்லை என்று விசாரிக்க வந்தார். ஜன்னலைப் பார்த்தவர், “இது செத்துப்போச்சுன்னு நான் குப்பைக்கு வெச்ச செடியாச்சே” என்றார். தங்களுடையது அந்தப் பளபளப்பானதாம். போகிற வருகிறபோது வாரம் ஒரு தரம் மிச்சத் தண்ணீரை ஊற்றினாராம், பூத்திருக்கிறதாம். பிழைத்ததைத் திருப்பிக் கேட்டார். கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பதிலுக்குத் தங்கள் செடியை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். சாவியைப் பற்றி மேலே எழுதிய வரியைத் தாங்களே அடித்துவிடுங்கள்.